சைக்கிள் ஷெட்டில் நடந்த கடலை விசாரணை

என் மகள் கல்லூரிக்குப் போன முதல் இரண்டு வருடமும் மதியச் சாப்பாட்டை மோட்டார் பைக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். பிள்ளைகளா, இதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

அருப்புக்கோட்டைக்கு வெளியே இருக்கிற கல்லூரி அது. நாங்கள் திருச்சுழி ரோட்டில் ஒரு சிறிய ஊர். நான் குட்டியானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறேன். கடைகளுக்குக் குடிதண்ணீர் கேன் போடுவதுதான் வேலை. நான் பத்தாவதோடு நின்றவன். கல்லூரி வாசலை என் மகளைச் சேர்க்கப் போனபோதுதான் முதன்முதலாகத் தாண்டினேன்.

அந்தக் கல்லூரியில் சாப்பாட்டுக்கு ஒரு விதி இருந்தது. வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டு வருகிறவர்கள் கேன்டீனுக்குள் உட்காரக் கூடாது. அது கேன்டீனில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு உள்ள இடம். வகுப்பில் சாப்பிடக் கூடாது, எறும்பு வரும். வராண்டாவில் கூடாது, வழி மறிக்கும். மரத்தடியில் உட்காரலாம் என்றால், அங்கே “புல்தரையில் உட்காராதீர்” என்று ஒரு போர்டு நின்றது. புல் கிடையாது. போர்டு மட்டும்தான். எங்கள் பக்கத்து மண்ணில் தண்ணீர் இல்லாமல் நிற்கக்கூடியது போர்டும் கருவேலமும்தான்.

ஆகக் கடைசியில் மிஞ்சியது சைக்கிள் ஷெட். இப்போது யாரும் சைக்கிளில் வருவதில்லை. உள்ளே முழுக்க பைக்குகள். மேலே தகரம். பைக்குகளுக்கு இடையில் கிடைத்த சந்துகளில் டிபன் பாக்ஸ் பிள்ளைகள் உட்கார்ந்துகொள்வார்கள்.

“காலையில அம்மா சூடாக் கட்டிக் குடுக்குது. மத்தியானத்துக்குள்ள ஆறிப் போகுது. ஷெட்டுக்குள்ள கொண்டுபோய் வச்சா மறுபடி சூடாயிருதுப்பா” என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் பாதி நாள் பாக்ஸில் சோறு அப்படியே திரும்பி வரும்.

அவள் மூன்றாம் வருடம் படிக்கும்போது கல்லூரியில் ஓர் அறிவிப்பு வந்தது. அதுவரை மாணவர் மன்றச் செயலாளரை ஆசிரியர்களே பார்த்துப் போட்டுவிடுவார்கள். அந்த வருடத்திலிருந்து பிள்ளைகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். என் மகள் மனுக் கொடுத்தாள். அவளுடைய நோட்டீஸில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: “டிபன் பாக்ஸ் கொண்டுவருகிறவர்களுக்கு நிழலில் உட்கார ஓர் இடம்.”

எனக்கு அது போதாது என்று பட்டது. “இன்னும் நாலஞ்சு சேத்துப் போடு தாயி. ஒண்ணே ஒண்ணு போட்டா நோட்டீஸே மெலிஞ்சு போய்த் தெரியுது” என்றேன்.

“வேற என்னத்தைப் போட? பாலம் கட்டுவேன்னு போடவா?”

“காலேஜுக்குள்ள ஓடை இருக்கா?”

“இல்லைப்பா.”

“அப்ப தாராளமாப் போடலாமே. எவன் வந்து கேக்கப் போறான்?”

அவள் போடவில்லை. அவளை எதிர்த்து நின்ற பையன் பாலவனத்தம் பக்கம். நல்ல உயரம். அவனுடைய நோட்டீஸில் ஏழு வாக்குறுதி. கல்லூரி முழுக்க இலவச இன்டர்நெட், ஆண்டு விழாவுக்குப் பெரிய பாட்டுக் கச்சேரி, பிறந்த நாளுக்கு லீவு, இப்படிப் போனது. பிறந்த நாளுக்கு லீவு என்றதும் என் மகளே ஒரு நிமிடம் யோசித்தாள்.

தேர்தலை நடத்தும் பொறுப்பு ஒரு கணக்கு வாத்தியாரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. இளவயது. எதையும் எழுதி வைத்து அதன்படி நடக்கிறவர். அவர் இரண்டு பக்கத்துக்கு நடத்தை விதிகள் அடித்துக் கொடுத்தார். நடத்தை விதி என்றால், தேர்தலில் நிற்பவர்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்கிற பட்டியல். என் மகள் அதை வீட்டுச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினாள். அந்த ஆணியில்தான் என் வண்டிச் சாவியும் தொங்கும். தினமும் காலையில் அந்தக் காகிதத்தைத் தள்ளிவிட்டுத்தான் சாவியை எடுப்பேன். ஒரு நாள்கூட அதைப் படித்ததில்லை. அதில் வந்தது வினை.

ஓட்டுப்பதிவுக்கு ஆறேழு நாள் இருக்கும். ஆவணி மாதம். எங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணீரில் போட்ட கடலையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். செடியிலிருந்து கடலையை ஆயப் போனால் கூலியைக் கடலையாகவே கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் வீட்டுக்காரி மூன்று நாள் ஆயப் போய், வந்த கடலையில் பெரும்பாதியை ஓர் அண்டாவில் போட்டு அவித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெரு முழுக்க அந்த வாசம்.

சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் கல்லூரி பஸ்ஸு எங்கள் ஊருக்குத் திரும்புகிற விலக்கில் வந்து புகை விட்டுக்கொண்டு நின்றது. ரேடியேட்டர் குழாய் கிழிந்துவிட்டது. நாற்பது பிள்ளைகள் இறங்கி ரோட்டோரம் நின்றார்கள். அந்தப் பாலவனத்தம் பையனும் அதில் இருந்தான். எங்கள் பஸ்ஸுப் பிள்ளைகளிடம் ஓட்டுக் கேட்பதற்காக அன்றைக்கு என்று இந்த வழியில் ஏறி வந்திருக்கிறான்.

நான் மறுநாளைக்குப் போட வேண்டிய கேன்களோடு அப்போதுதான் வந்து சேர்ந்தேன். பஸ்ஸு டிரைவர் ஓடிவந்தார்.

“அண்ணே, ரெண்டு கேன் குடுங்க. வண்டி தாகமா இருக்கு.”

வண்டிக்கே தாகம் என்றால் பிள்ளைகளுக்கு இருக்காதா? வண்டிக்கு இரண்டு கேன் இறக்கினேன். பிள்ளைகளுக்கு மூன்று. அந்தப் பையன் இரண்டு கையையும் ஏந்தினான், நான் ஊற்றினேன். அதற்குள் என் வீட்டுக்காரியும் பக்கத்து வீட்டுக்காரியும் ஆளுக்கொரு காதைப் பிடித்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஊர் வாசலில் நாற்பது பிள்ளைகள் நின்றால் வேறு என்ன செய்வார்கள்?

என் மகள் குறுக்கே ஓடிவந்தாள்.

“அம்மா, தூக்கிட்டுப் போ! உள்ள தூக்கிட்டுப் போ!”

“எதைடி?”

“கடலையை!”

“ஏன், வேகலையா?”

“யம்மா, இவுகளுக்கு நாம குடுக்கக் கூடாது!”

என் வீட்டுக்காரி அண்டாவைத் தரையில் வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “வாசலுக்கு வந்த பிள்ளைகளுக்குக் குடுக்கக் கூடாதா? யார்றி உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?”

“கணக்கு சாரு.”

“அவரு வீட்டுக்கு யாருமே போறதில்லையா?”

பக்கத்து வீட்டுக்காரி மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “பாடத்தோட கஞ்சத்தனத்தையும் சேத்துப் படிச்சிட்டு வருதுக போல” என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நம் பிள்ளை இப்படிப் பேசுகிறதே என்று. “ஏத்தா, சும்மா இரு. பிள்ளைக பசியோட நிக்குதுக” என்றேன்.

“நீங்களும் குடுக்காதீகப்பா! தண்ணிகூடக் குடுக்கக் கூடாது!” என்றாள். தண்ணீர் போடுகிறவன் மகள் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? அண்டாவுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றாள். “யாரும் சாப்பிடாதீங்க! விதி ஆறு! விதி ஆறு!” என்று கத்தினாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த உயரமான பையன் அவள் கைக்கு அடியில் குனிந்து ஒரு பிடி கடலையை அள்ளினான். அவள் திரும்பிப் பிடுங்கினாள். பிடுங்கியது ஒரு கைக் கடலையை. அவன் மற்றொரு கையால் அடுத்த பிடியை எடுத்துவிட்டான்.

“ஏடி, அவன் மொகத்தைப் பாரு, எப்படி வாடிக் கெடக்கு. அவன்கிட்டப் போய்ப் பிடுங்குறியே. நீ சாப்பிடுய்யா” என்று என் வீட்டுக்காரி அவன் சட்டைப் பையிலும் கொஞ்சம் போட்டுவிட்டாள்.

அரை மணி நேரத்தில் அண்டா காலி. ரோட்டோரம் முழுக்கத் தோல். குழாயைக் கட்டிச் சரிசெய்து பஸ்ஸு கிளம்பிப் போனது. என் மகள் வீட்டுக்குள் போய், ஆணியிலிருந்த காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“ஆறாவதைப் படிங்க.”

படித்தேன். வேட்பாளரோ அவரைச் சேர்ந்தவர்களோ வாக்காளர்களுக்கு உணவு, பானம், பரிசு எதையும் வழங்கக் கூடாது. மீறினால் வேட்பு மனு ரத்து செய்யப்படும் என்று இருந்தது. சாவி கையில், காகிதம் கையில், அப்படியே நின்றேன்.

“இனிமே ஷெட்டுதான்ப்பா” என்றாள். அவள் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அழவில்லை.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காருவதற்குள் கல்லூரிப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வந்துவிட்டது. யார் எடுத்தார்களோ தெரியாது. அதில் அந்தப் பையனின் இரண்டு கன்னமும் உப்பியிருந்தது. நான் கேனைச் சாய்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி அகப்பையோடு நின்றாள். எல்லாருக்கும் முன்னால் என் மகள் இரண்டு கையையும் விரித்து நின்றாள். மறிக்கிறவள் போலவே இல்லை. வாருங்கள், எல்லாரும் வந்து சாப்பிடுங்கள் என்று கூப்பிடுகிறவள் போல இருந்தது.

மறுநாள் கடிதம் வந்தது. அதற்கடுத்த நாள் மதியம் பன்னிரண்டரை மணிக்கு வேட்பாளர் தம் பெற்றோருடன், உரிய ஆதாரங்களுடன் விசாரணைக்கு வர வேண்டும் என்று கணக்கு வாத்தியார் கையெழுத்துப் போட்டிருந்தார். என் மகள் காலை பஸ்ஸில் கிளம்பும்போது எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்: “வாயைத் தெறக்காம வாங்க. நான் பேசிக்கிறேன்.”

வாயைப் பற்றித்தான் சொன்னாள். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“ஆதாரம் கொண்டுவரச் சொல்லிருக்காகளே, என்னத்தைக் கொண்டுபோறது?” என்று என் வீட்டுக்காரி கேட்டாள். நானும் யோசித்தேன். திருட்டு வழக்கு என்றால் திருடின பொருளைத்தான் மேஜையில் வைப்பார்கள். இது கடலை வழக்கு.

“கடலையைத்தான் கொண்டுபோகணும்” என்றேன்.

“அன்னிக்கு அவிச்சது தீந்துபோச்சே. மிச்சக் கடலை கெடக்கு. அதே உப்பு, அதே பக்குவத்துல அவிச்சிருவோம். சாட்சிக்குச் சாட்சியும் ஆச்சு. பெரிய மனுசரைப் பாக்க வெறுங்கையோட போன மாதிரியும் இருக்காது.”

எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. பிள்ளைகளா, உண்மையைச் சொல்கிறேன், எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. ஒரு தூக்குவாளி நிறைய அவித்து, துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனோம்.

வாசலில் வாட்ச்மேன் நிறுத்தினார். “பையில என்ன?”

“ஆதாரம்” என்றேன்.

அவர் திறந்து பார்த்தார். ஆவி அவர் மூக்குக் கண்ணாடியில் படிந்தது. “வெளிச் சாப்பாடு உள்ள போகக் கூடாதுங்க.”

“இது சாப்பாடு இல்லைங்க, சாட்சி.”

“சாட்சியா இருந்தாலும் அவிச்சிருக்கீகள்ல? சைக்கிள் ஷெட்டு வரைக்கும்தான் போகலாம்.”

என் வீட்டுக்காரி தூக்குவாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “அப்ப நான் ஷெட்டுல உக்காந்திருக்கேன். விசாரிக்கிறவுக இங்க வரட்டும்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வாட்ச்மேன் ஓடிப்போய் ஆபீஸில் சொன்னார். கணக்கு வாத்தியார் விதிப் புத்தகத்தைப் புரட்டினாராம். ஆதாரத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று ஒரு பக்கத்தில் இருந்தது. வெளிச் சாப்பாடு ஷெட்டைத் தாண்டக் கூடாது என்று இன்னொரு பக்கத்தில் இருந்தது. இரண்டையும் மீற முடியாது என்று சொல்லிவிட்டு, ஃபைலை எடுத்துக்கொண்டு அவரே ஷெட்டுக்கு வந்துவிட்டார். பின்னாலேயே பிரின்சிபால் அம்மாவும் வந்தார்கள். ஓய்வுபெறுகிற வயதுக்கு ஒன்றிரண்டு வருடம் குறைவாக இருக்கும். அதிகம் பேசாதவர்கள். பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார்கள். பைக்குகளுக்கு நடுவில் அதைப் போட இடமில்லை. அம்மா ஒரு பைக்கின் மேல் கையை ஊன்றினார்கள். “ஸ்ஸ்” என்று உடனே எடுத்துவிட்டார்கள்.

மணி பன்னிரண்டரை. டிபன் பாக்ஸ் பிள்ளைகள் எல்லாரும் வழக்கம்போல வந்து சந்துகளில் உட்கார்ந்துவிட்டார்கள். என் மகள் வந்து, தூக்குவாளியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவே இல்லை.

கணக்கு வாத்தியார் என்னிடம்தான் முதலில் கேட்டார். “எவ்வளவு கடலை கொடுத்தீங்க?”

“ஒரு அண்டா சார்.”

“தண்ணி?”

“பஸ்ஸுக்கு ரெண்டு கேன், பிள்ளைகளுக்கு மூணு கேன் சார்.”

“பஸ்ஸுக்கு ஓட்டு இல்லை. அதை விட்டுருங்க” என்று எழுதியதில் ஒரு வரியை அடித்தார். சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு போனில் அந்தப் போட்டோவைக் காட்டினார். “இதுல வேட்பாளர் கையை விரிச்சு எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடுறாங்க.”

“கூப்பிடலை சார். மறிச்சேன்” என்றாள் என் மகள்.

“மறிக்கிறவங்க கோபமால்ல இருக்கணும்? முகம் அப்படி இல்லையே.”

“எதுக்க எங்கம்மா நின்னுச்சு சார். அதைப் பாத்துக்கிட்டு எப்படிக் கோபப்படுறது?”

வாத்தியார் அடுத்ததாக அந்த உயரமான பையனைக் கூப்பிட்டார். இவன் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், என் மகள் மனு ரத்து. இவன் போட்டியில்லாமல் செயலாளர். ஷெட்டில் எல்லாரும் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு மெல்லாமல் பார்த்தார்கள்.

“மறிச்சது உண்மைதான் சார்” என்றான் அவன். “என் கையில இருந்து ஒரு பிடிக் கடலையைப் பிடுங்கிட்டா. நகக்கீறல் இன்னும் இருக்கு, பாருங்க.”

“பிடுங்கினாங்கன்னா நீங்க எப்படிச் சாப்பிட்டீங்க?”

“எனக்கு ரெண்டு கை இருக்கு சார்.”

“எத்தனை சாப்பிட்டீங்க?”

“எண்ணிக்கிட்டு யாரு சார் கடலை திம்பா?”

வாயைத் திறக்காமல் இருந்த என் வீட்டுக்காரிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “வளர்ற பிள்ளை தின்னதைக் கேக்காதீக சார், கண்ணு பட்டிரும்” என்றாள்.

வாத்தியார் அதையும் எழுதினாரா என்று தெரியவில்லை. அவர் திரும்பி, பக்கத்துச் சந்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், “அந்தக் கடலைக்காக இவங்களுக்கு ஓட்டுப் போடணும்னு உங்களுக்குத் தோணுச்சா?” என்று கேட்டார். அவள் எங்கள் பஸ்ஸில் வருகிறவள்.

“கடலைக்காகன்னா இவ அம்மாவுக்குல்ல சார் ஓட்டுப் போடணும்? இவ எங்க குடுத்தா? இவளை நம்பியிருந்தா அன்னிக்குப் பட்டினிதான்.”

ஷெட்டே சிரித்தது. கணக்கு வாத்தியாரும் ஃபைலை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். ஆனால் நான் பார்த்தது வேறு. என் வீட்டுக்காரி ஆதாரம் எல்லாருக்கும் தெரியட்டும் என்று ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் கொஞ்சம் கடலையைக் கொட்டி வைத்திருந்தாள். பிரின்சிபால் அம்மா பேச்சைக் கேட்டுக்கொண்டே ஒன்றை எடுத்து உரித்தார்கள். பிறகு இன்னொன்று. அவர்களுக்கே தெரிந்து செய்ததாகத் தோன்றவில்லை. அவித்த கடலை முன்னால் இருந்தால் கை தானாகப் போகும். வாத்தியாரும், வெந்திருக்கிறதா என்று பரிசோதிப்பவர் போல, இரண்டு மூன்றை எடுத்துப் பார்த்தார்.

பிரின்சிபால் அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, காலடியில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கேட்டார்கள். “தினமும் இங்கேதான் சாப்பிடுறீங்களா?”

“ஆமா மேடம்.”

“இந்தச் சூட்டுலயா?”

“இன்னிக்கு மேகமூட்டம் மேடம். இன்னிக்குப் பரவாயில்லை.”

அம்மா மேலே தகரத்தைப் பார்த்தார்கள்.

கணக்கு வாத்தியார் தீர்ப்பைப் படித்தார். “வேட்பாளர் விதியைக் காப்பாத்த முயற்சி பண்ணியிருக்காங்க. எதிர் வேட்பாளரே சாட்சி. அவங்க மறிச்சும் மத்தவங்க கொடுத்ததை அவங்க கணக்குல சேர்க்க முடியாது. அதனால மனு ரத்து இல்லை. வேட்பாளரின் அம்மா விதியை மீறியிருக்காங்க. ஆனா அம்மாவை ரத்து பண்ண நம்ம விதியில இடம் இல்லை.”

“எந்த விதியிலயும் இருக்காது சார். வாங்க, போகலாம்” என்றார்கள் பிரின்சிபால் அம்மா.

தூக்குவாளியைத் திருப்பி எடுக்கும்போது பார்த்தேன். ஆதாரம் பாதிதான் இருந்தது. அதை யாரும் விசாரிக்கவில்லை.

இதோடு நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. ஓட்டுப்பதிவு நடந்து, எண்ணினார்கள். என் மகள் மூன்று ஓட்டில் தோற்றாள்.

அது மட்டுமில்லை. பதினோரு சீட்டு செல்லாத ஓட்டு. அந்தப் பதினொன்றிலும் இரண்டு பேருக்கும் டிக் போடாமல், அடியில் பேனாவால் “கடலை அம்மா” என்று எழுதியிருந்தார்கள். செல்லாத ஓட்டையும் சத்தமாகப் படிக்க வேண்டும் என்பது விதி. கணக்கு வாத்தியார் ஒவ்வொன்றாக எடுத்து, “கடலை அம்மா, செல்லாது. கடலை அம்மா, செல்லாது” என்று பதினோரு தடவை படித்தாராம்.

சாயங்காலம் வந்து அவள் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரியின் முகம் மலர்ந்துவிட்டது. “எனக்கா? பதினோரு பேரா?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. “ஏடி, அப்ப அந்தப் பதினொண்ணும் உனக்கு விழுந்திருந்தா…?”

“ஜெயிச்சிருப்பேன்.”

“நான் நிக்கவே இல்லையேடி!”

“நிக்காமலே என்னைத் தோக்கடிச்சிட்டம்மா.”

அதற்கப்புறம் இரண்டு நாள் நான் கழுவின வண்டியையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் கஷ்டமுள்ள ஊரில் அப்படிக் கழுவியது தப்புத்தான். டிபன் பாக்ஸ் பாதிச் சோற்றோடு திரும்பி வந்தது. அதைக் கழுவப் போட்டபோது என் வீட்டுக்காரி, “நான் அன்னிக்கு அண்டாவைத் தூக்காம இருந்திருக்கலாம்” என்றாள். பிறகு அவளே, “எப்படித் தூக்காம இருக்கிறது?” என்றாள்.

சனிக்கிழமை காலை, அந்தப் பாலவனத்தம் பையன் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினான். கையில் காராச்சேவுப் பொட்டலம். “ஜெயிச்சவன் வெறுங்கையோட வரக் கூடாதுல்லம்மா” என்று என் வீட்டுக்காரியிடம் கொடுத்தான். அவள் உடனே அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்தாள்.

என் மகள் அறைக்குள்ளிருந்து வரவே இல்லை. அவன் வாசலில் நின்றபடியே பேசினான்.

“ஏய், வெளிய வா. பிரின்சிபால் மேடத்தைப் பாத்தேன். இன்டர்நெட்டுக்கு இப்ப வழியில்லைன்னுட்டாங்க. கச்சேரி கூடாதாம். பிறந்த நாள் லீவைச் சொன்னதும் சிரிச்சு, வெளிய போகச் சொல்லிட்டாங்க. ஏழுல ஒண்ணுகூடத் தேறாது போல.”

“அதுக்கு நான் என்ன செய்ய?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“உன்னோட ஒண்ணை எனக்குக் குடு.”

அவள் வெளியே வந்தாள். “குடுக்கிறேன். ஆனா எழுதுறது நான். நீ கையெழுத்து மட்டும் போடு. மேடத்தைப் பாக்க நானும் கூட வருவேன்.”

“சரி.”

“அன்னிக்கு என் கைக்கு அடியில புகுந்ததுக்கு மன்னிப்புக் கேளு.”

“அதெல்லாம் முடியாது. அந்தக் கடலைக்கு இன்னொரு தடவைகூடப் புகுவேன்.”

அவள் சிரித்துவிட்டாள். விசாரணைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு மனு எழுதினார்கள். எழுதி முடிப்பதற்குள் அவன் எட்டு வடை சாப்பிட்டான். தேர்தல் முடிந்துவிட்டதால் நான் எண்ணலாம் என்று எண்ணினேன்.

திங்கட்கிழமை போய்க் கொடுத்தார்கள். பிரின்சிபால் அம்மா முழுக்கப் படித்தார்களாம். பிறகு வலது கையைத் திருப்பிக் காட்டினார்களாம். பைக் மேல் ஊன்றிய இடத்தில் இன்னும் சிவப்பு இருந்ததாம். “யாராவது எழுதிக் கேப்பீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்” என்றார்களாம். நூலகத்துக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறை. பத்து நாளில் அதை ஒழித்து, ஃபேன் மாட்டி, டிபன் பாக்ஸ் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார்கள்.

அறைக்கு விதிகள் எழுதியது யார் என்று சொல்ல வேண்டுமா? கணக்கு வாத்தியார்தான். என் மகள் அதில் ஒரு பிரதியைக் கொண்டுவந்து அதே ஆணியில் மாட்டினாள். இப்போதெல்லாம் நான் சாவி எடுக்கும் முன் அங்கே என்ன தொங்குகிறது என்று படித்துவிடுகிறேன். அன்றைக்கும் சத்தமாகவே படித்தேன். கை கழுவும் இடத்தில் பாத்திரம் கழுவக் கூடாது. ஃபேனை அணைத்துவிட்டுப் போக வேண்டும். பெஞ்சை இழுக்கக் கூடாது. நான்காவது விதி இது: தோலுடன் அவித்த கடலை கொண்டுவரக் கூடாது.

விசாரணை நடந்த அன்றைக்கு ஷெட்டில் கிடந்த தோலைக் கூட்டிப் பெருக்க இரண்டு நாள் ஆனதாம்.

அடுப்படியில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசி களைந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரி கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“நாலாவதை இன்னொருக்கப் படிங்க.”

படித்தேன்.

“அவிச்சதுதான கூடாது?” என்றாள். “அப்ப நாளைக்கு வறுத்துக் குடுத்துவிடுறேன்.”